மாமாவின் கேசட் பற்றி என் அபிப்பிராயம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தலைவலியைத் தவிர நான் சௌக்கியம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நிற்காதே, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள் என்று போன கடிதத்திலேயே எழுதினேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

தலைவலிக்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை பார்த்த படம். ஊரே ஆஹா ஓஹோ என்கிறது. ஒரு அண்ணன், ஒரு தம்பி, ஒரு படகு. இடைவேளை வரை படகு கிளம்பவில்லை. கிளம்பிய பிறகு, இது ஏன் கிளம்பித் தொலைத்தது என்று ஆகிவிட்டது. வில்லனாக வருபவர் எப்பேர்ப்பட்ட நடிகர். அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துச் சிரிக்க மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் பாட்டு முடிவதற்குள் எழுந்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர், "எங்க சார் போறீங்க, இப்பதானே ஆரம்பிச்சுது" என்றார். "தண்ணி இடம் வந்துடுச்சு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சலிப்புத் தட்டுகிற இடத்தில்தான் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கலாம், திரும்பி வந்து உட்காரும்போது ஏன் போனேன் என்று காரணம் சொல்ல வேண்டும், இது எங்கள் வீட்டில் டி.வி. வந்த நாளிலேயே அம்மா போட்ட சட்டம், எனக்கு உயிரான படத்துக்கே இரண்டு தண்ணி இடம் உண்டு என்று பொறுமையாக விளக்கினேன். திரும்பி வந்தபோது அவர் வேறு சீட்டுக்கு மாறியிருந்தார்.

அடுத்த எரிச்சல், எனக்குப் பிடித்த அந்த நான்கு பேர் குழுவின் புது ஆல்பம். ராக் குழு என்றுதானே பெயர்? ஒரு படை வயலின்காரர்களைக் கூட்டி வந்திருக்கிறார்கள். கிட்டார் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. டிரம்ஸ் பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி கேட்கிறது.

இங்கே கண்ணாடிக் கடையிலும் எனக்கு நிம்மதி இல்லை. கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர் அந்தப் படகுப் படத்தை அருமை என்றார். "அப்போ பவர் கொஞ்சம் கூடத்தான் தேவைப்படும்" என்றேன். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு, "நீ லென்ஸை மட்டும் தேய். வாயைத் தேய்க்காதே" என்றார்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஸ்டூல் கேட்டேன். மேற்பார்வையாளர் அம்மா, "கட்டிலே போட்டுத் தரட்டுமா" என்றார். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது.

பார்சலில் ஒரு கேசட் வைத்திருக்கிறேன். உன் மாமாவுடையது. அவரும் லிஃப்ட் கம்பெனி நண்பர்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய கிடங்கில் கூடி வாசித்துக்கொண்டிருந்தார்களே, அது வளர்ந்து ஆல்பமாகவே வந்துவிட்டது. ஏழு பாட்டு. பாடுவது முழுக்க அவர்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விட்டுவிட்டு முழுசாகப் பாட்டில் இறங்கப் போகிறேன் என்கிறார். விளையாட்டில்லை. "மச்சான் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், மறுநாளே எழுதிக் குடுத்துடறேன். அவன் சும்மாங்காட்டியும் யாரையும் பாராட்ட மாட்டான்" என்கிறார். மற்றவர்கள் பாராட்டியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என்னைக் கேட்டார். எனக்கு ராக் எல்லாம் புரியாது என்று நழுவிவிட்டேன்.

எவ்வளவு நல்ல வேலை அது. பத்து மாடி உயரத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று, ஒரு கையில் ஸ்பானரும் ஒரு கையில் டீயுமாக வேலை பார்க்கிற மனுஷன். பயம் என்றால் என்ன விலை என்று கேட்பார். அதைப் பார்த்துத்தானே நான் காதலில் விழுந்தேன்.

ஆகவே கேசட்டைக் கேட்டு உள்ளதை உள்ளபடி எழுது. தண்ணி இடம் உட்பட. போன் செய்யாதே, போனில் நீ கத்துவாய், எனக்கு ஒன்றும் விளங்காது.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும் அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலனும் அதுபோலவே இருக்கட்டும். முழங்காலுக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன், எங்கள் கடைக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்தது.

எட்டு மணித் தொடரை நீ இன்னும் பார்க்கிறாயா? அந்த மாமியார் போன வருஷத்திலிருந்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் படுத்திருக்கிறாள். உதட்டுச் சாயம் மட்டும் அழியவில்லை. தினமும் யாரோ ஒருவர் அவள் காதோரம் வந்து ஒரு ரகசியத்தைச் சொல்கிறார்கள். ஊரிலுள்ள ரகசியம் எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது, எழுந்திருக்கத்தான் மாட்டேன் என்கிறாள். நேற்று மூத்த மருமகள் கதவைத் திறந்தாள். இன்றைக்கு முழுக்க அந்தக் கதவுதான். இதை எழுதியவரை ஒரே ஒரு நாள் என் கையில் கொடுத்தால் போதும்.

அந்தப் படகுப் படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறதாம். போதாததற்கு இது வேறு.

கேசட் பத்திரமாக வந்து சேர்ந்தது. என் பிளேயரில் பெல்ட் போய்விட்டது. சரி செய்யக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

நலம். களிம்பு எரிகிறது.

பிளேயரில் பெல்ட் போய்விட்டதாம். சோறில்லாமல் இருந்தாலும் இருப்பாய், பிளேயர் இல்லாமல் ஒரு ராத்திரி இருக்க மாட்டாய். யாரிடம் கதை விடுகிறாய்? ஒரு பிளேயரைக் கடன் வாங்கிக் கேள்.

இங்கே அவர் இப்போதே பாடகராகிவிட்டார். நாலு மாடியையும் படியேறித்தான் வருகிறார், லிஃப்ட் சும்மா நிற்கிறது. "மூச்சுப் பயிற்சி" என்கிறார். லிஃப்ட் மெக்கானிக் படியில் ஏறுகிறார் என்று கீழ்வீட்டுக்காரி கேலி செய்கிறாள். வேலையிலும் கவனம் இல்லை போலிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கிட்டாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

எனக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நீயாவது சீக்கிரம் எழுது.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? எனக்குக் கொஞ்சம் சளி. கவலைப்படாதே.

விருது விழாவைப் பார்த்தாயா? சிறந்த நடிகர் விருதை யாருக்குக் கொடுத்தார்கள் என்று பார்த்தாயா? அழுகிற காட்சி வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறவருக்கு. அவருடைய முதுகுக்கு வேண்டுமானால் விருது கொடுக்கலாம். அதே போட்டியில் இருந்த, கிழ வாத்தியாராக நடித்த இன்னொருவர் கீழே உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. டி.வி.யை அணைத்துவிட்டு, மனசு கேட்காமல் மறுபடி போட்டேன், அப்போது அந்த வயலின் ஆல்பத்துக்கும் ஒரு விருது. இந்த உலகத்தில் எதையாவது யாராவது சரியாகக் கேட்கிறார்களா, பார்க்கிறார்களா?

முந்தாநாள் டி.வி.யில் ஒரு பழைய துப்பறியும் படம் போட்டார்கள். அது படம். ஒரே ஒரு அறை, மூன்று பேர், ஒரு மேசை விளக்கு. மூன்றாவது ஆள் விளக்கை அணைக்கும்போது நான் என் அறை விளக்கைப் போட்டுவிட்டேன். தண்ணி இடம் ஒன்றே ஒன்று, போலீஸ்காரர் தன் பூனையைப் பற்றிப் பேசும் இடம்.

கேசட் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவசரப்பட்டுச் சொல்லக்கூடிய விஷயமா அது.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

உன் சளி குணமாகியிருக்கும். நாங்கள் இருக்கிறோம்.

நாலு பக்கக் கடிதத்தில் பூனைக்கு இடம் இருக்கிறது, உன் மாமாவுக்குக் கடைசியில் ஒன்றரை வரி. ஏழு பாட்டைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணில் படுகிற நடிகனையெல்லாம் வறுத்தெடுக்கிறாய். உன்னை யாராவது கேட்டார்களா? கேட்காத இடத்தில் ஊரைக் கூட்டுகிறாய், கேட்ட இடத்தில் வாயில் கொழுக்கட்டை.

தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். உன் கையெழுத்தைப் பார்த்தால் என்னிடம் நீட்டிவிட்டு, நான் படித்து முடிக்கிற வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். "ஒண்ணும் எழுதலையா" என்கிறார். "சளியாம்" என்கிறேன். என்னால் இனிமேல் சளியைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

எனக்கு எழுத வேண்டாம். நேராக அவருக்கே எழுது. உண்மையை எழுது. அதற்குத்தான் உன்னைக் கேட்டது.

அக்கா


மே 4

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கேசட்டைக் கேட்டேன். நன்றாக இருக்கிறது. ஏழு பாட்டுமே நன்றாக இருக்கிறது. முதல் பாட்டில் உட்கார்ந்தவன் கடைசிப் பாட்டு முடிகிற வரை தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. உங்கள் குரல் புதுமாதிரியாக இருக்கிறது. தொடர்ந்து பாடுங்கள்.

தாமதமாக எழுதியதற்கு மன்னிக்கவும்.

உங்கள் அன்பு மச்சான்


மே 25

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு எழுத எனக்கு இப்போது மனசில்லை.

அவர் வேலையை விட்டுவிட்டார். உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். சொன்னபடியே செய்தார். அந்தக் கடிதத்தைக் கண்ணாடி அலமாரியில் நிற்கவைத்திருக்கிறார். "தண்ணி இடமே இல்லைன்னுட்டான், பார்த்தியா" என்று வருகிறவர்களிடம் காட்டுகிறார்.

டேய், நான் உன்னோடு ஒரே டி.வி. முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவள். உனக்கு உயிரான படத்துக்கே இரண்டு தண்ணி இடம். அந்த மேசைவிளக்குப் படத்துக்கு ஒன்று. உன் மாமா ஆல்பத்துக்கு மட்டும் ஒன்றுமே இல்லையா? இரண்டாவது வரி படிக்கும்போதே பொய் என்று தெரிந்துவிட்டது. அதற்குள் அவர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய்விட்டார். அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

எனக்கு ராக் புரியாதுதான். காது இருக்கிறதே. முதல் நாளே எனக்குத் தெரியும். பெண்டாட்டி சொன்னால் ஆற்றாமையில் சொல்கிறாள் என்று ஆகிவிடும், உன் வாயால் வந்தால் அவருக்கும் வலிக்காது, அவர் வேலையும் மிஞ்சும் என்று உன்னை நம்பினேன். வாழ்நாள் முழுக்க உண்மை பேசி எல்லோர் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டாய். எனக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு நாள் உனக்கு நல்ல பிள்ளையாக இருக்கத் தோன்றியதா?

நான் இப்போது சலவைக்கூடத்தில் இரண்டு ஷிஃப்ட் நிற்கிறேன். அவர் வீட்டில்தான் இருக்கிறார். முன்னைவிட நன்றாகத் தூங்குகிறார், அது வேறு என் கோபத்தைக் கிளறுகிறது.

கம்பெனி மேனேஜர் நல்லவர். ஜூன் கடைசி வரை அவர் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன், அதற்குள் வந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நீ அவருக்கு உண்மையை எழுது. அவரைத் திரும்ப அனுப்பிவை. நீ கெடுத்தது, நீயே சரிசெய்.

அக்கா


ஜூன் 2

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இதைப் படித்த பிறகும் இருக்க வேண்டும்.

போன கடிதத்தில் நான் எழுதியது பொய். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நீங்கள் அக்காவைப் பார்க்க வருகிறபோதெல்லாம் வாசலிலேயே என்னை மடக்கி ஒரு கேசட்டைக் கையில் கொடுப்பீர்கள், நான் உள்ளே போய்க் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று. அப்படித்தான் எனக்கு ராக் பைத்தியம் பிடித்தது. உங்களைப் பற்றி எழுதப் பேனாவை எடுத்தால் அந்த வாசல்தான் வருகிறது. அதனால்தான் எழுத முடியவில்லை, எழுதியபோது பொய்யாகப் போய்விட்டது. எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

இனி உண்மை. உங்களுக்குப் பாட வரவில்லை மாமா. மேலே போக வேண்டிய இடத்தில் எல்லாம் குரல் நடுவழியில் இறங்கிவிடுகிறது. முதல் பாட்டில் முதல் வரியிலேயே எனக்குத் தண்ணி இடம். மூன்றாவது பாட்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஏதோ சண்டைக்குக் கூப்பிடுகிறது. டிரம்ஸ்காரர் உங்கள் நண்பர் என்பதால் அவர் தாளத்தை விட்டு ஓடும்போது நீங்களும் கூடவே ஓடுகிறீர்கள். ஆறாவதில் பாட்டே இல்லை, உங்கள் கிட்டார் மட்டும். அது அழகு. நிஜமாகவே அழகு, அதை மட்டும் எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. பாடுவதை நிறுத்திவிட்டு வேறு யாருக்காவது பின்னால் நின்று வாசித்தால் நான் முதல் வரிசையில் உட்காருவேன்.

ஐந்தாவது பாட்டில்தான் எனக்கு ஆத்திரமே வந்தது. 'உச்சியில் நிற்கிறேன், ஒன்றும் என்னை அசைக்காது' என்று பாடுகிறீர்கள். ஒரு வரிகூட நான் நம்பவில்லை. சொல் ஒன்று சொல்கிறது, குரல் வேறு எதையோ ஒளித்துவைக்கிறது. பயந்துபோன ஆள் தைரியப் பாட்டு பாடுகிற மாதிரி இருக்கிறது. நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லையே, பிறகு ஏன் அப்படிப் பாட வேண்டும்?

தயவுசெய்து வேலைக்குத் திரும்பிப் போங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசியுங்கள். அக்கா ரொம்பக் களைத்துப்போயிருக்கிறாள்.

உங்கள் மச்சான்


ஜூன் 14

மச்சானுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கண்ணாடிக் கடை முதலாளியும் பொறுமையோடு இருப்பார் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தை நானே தபாலில் போடுகிறேன். உன் அக்கா ஷிஃப்டில் இருக்கிறாள். உன் போன கடிதத்தை அவளிடம் காட்டவில்லை.

உன் முதல் கடிதம் பொய் என்று எனக்கும் அன்றைக்கே தெரியும். இத்தனை வருஷம் உங்கள் வீட்டு மாப்பிள்ளையாக இருக்கிறேன், தண்ணீர் குடிக்க எழுந்திருக்காத மச்சானை நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பாட வராது என்பதும் தெரியும். நீ சொன்னதில் மூன்றாவது பாட்டைத் தவிர மற்றதெல்லாம் சரி. மூன்றாவது பாட்டு உனக்குப் புரியவில்லை, விடு.

ஐந்தாவது பாட்டைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நீ சரியாகப் பிடித்துவிட்டாய்.

போன வருஷம் ஒரு கட்டடத்தில் கூண்டின் மேலே நின்று வேலை செய்துகொண்டிருந்தேன். நிறுத்திவைத்திருந்த அந்தக் கூண்டு என்னைச் சுமந்துகொண்டு தானாக மேலே கிளம்பிவிட்டது. எங்கேயோ என்னவோ கோளாறு. மேல்கூரை என் தலையை நோக்கி வருகிறது, எனக்குக் கத்தக்கூடக் குரல் வரவில்லை. ஒரு கை உயரம் மிச்சம் இருக்கும்போது நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சின்னக் கீறல்கூட இல்லை. அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. காயம் பட்டிருந்தால் காட்டலாம். இதில் எதைக் காட்டுவது?

அதற்குப் பிறகு நான் கூண்டின்மேல் கால் வைப்பதே இல்லை. கூட வேலை செய்கிறவனை ஏதாவது சாக்குச் சொல்லி மேலே ஏற்றிவிட்டு நான் கீழே நிற்பேன். நம் கட்டடத்து லிஃப்டில்கூட என்னால் ஏற முடியவில்லை. உன் அக்கா கேட்டபோது மூச்சுப் பயிற்சி என்று சொல்லிவிட்டேன்.

பயந்துபோய் வேலையை விட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் என்னைப் பற்றி யாரிடம் பேசினாலும் முதலில் அந்தத் தைரியத்தைத்தான் சொல்வாள். அவள் சொல்லும்போது நான் பக்கத்தில் நிற்பேன். பாட்டுப் பைத்தியம் பிடித்து வேலையை விட்டான் என்றால் திட்டுவாள். திட்டட்டும், அதை என்னால் தாங்க முடியும். அதற்குத்தான் உன் ஒரு வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது. நீ திட்டி எழுதியிருந்தால் வேறு சாக்கு தேடியிருப்பேன். நீ பொய் சொல்லிக் காப்பாற்றினாய்.

ஒரு கிட்டார் கடையில் பழுது பார்க்க ஆள் கேட்கிறார்கள். தரைத்தளம். அடுத்த மாதம் போகப் போகிறேன். உன் அக்காவிடம் நானே சொல்கிறேன், நீ சொல்லாதே. வாய் வருவதற்கு எனக்குக் கொஞ்சம் நாள் கொடு.

உன் மாமா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கால் எப்படி இருக்கிறது? இரண்டு ஷிஃப்ட் நிற்கிறாய் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமாவின் கேசட்டை மறுபடி முழுக்கக் கேட்டேன். என் அபிப்பிராயம் மாறவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. முன்பு எழுதியது பொய் இல்லை. அதற்கு மேல் அவருக்கு எழுத என்னிடம் எதுவும் இல்லை, எழுதவும் மாட்டேன்.

இதைப் படித்துவிட்டு நீ என்ன சொல்வாய் என்று தெரியும். காது செவிடாகிவிட்டது என்பாய், ரசனை கெட்டுவிட்டது என்பாய், இனி எந்தப் படத்தைப் பற்றி நான் எழுதினாலும் நீ நம்பமாட்டாய். இத்தனை வருஷத்தில் என் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட ஒரே ஆள் நீதான். உன் மதிப்பில் நான் இறங்கிப்போவது எனக்கு ரொம்ப வலிக்கிறது. இருந்தாலும் பரவாயில்லை, திட்டிக்கொள். என்னை மட்டும் திட்டு.

இந்த வாரம் படம் எதுவும் பார்க்கவில்லை. தொடரும் பார்க்கவில்லை.

மேனேஜரிடம் நன்றி சொல்லிவிட்டு, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். மாமா பாடட்டும், பாடாமல் இருக்கட்டும், வேறு ஏதாவது வேலைக்குப் போகட்டும். உன் காலில் விழுந்து கேட்கிறேன் அக்கா, அவரை அந்த வேலைக்குத் திரும்பப் போகச் சொல்லாதே.

உன் தம்பி